லினக்ஸில் நாயனக் கச்சேரியை மாஸ்டரிங் செய்ய எதை எடுப்பது, எதை விடுவது?

குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர்க் கோயில் மண்டபத்தில் பெரியப்பாவின் நாயனக் கச்சேரியை 52 நிமிடம் பதிவு செய்திருக்கிறார். கையடக்க ரெக்கார்டரில் உள்ள ஸ்டீரியோ மைக் ஒரு பக்கம், தவிலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மைக். 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், அதில் உபுண்டு ஸ்டுடியோ. ஒலியை மாற்ற மென்பொருளுக்குள் சேர்க்கும் சிறு கருவிகளான பிளக்-இன்களின் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கிறது, எதைத் தொடுவது என்றே தெரியவில்லை என்கிறார். யூடியூபில் ஏற்ற வேண்டும், பென் டிரைவில் போட்டு உறவுக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

தம்பி, பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். மாஸ்டரிங் என்றால் பதிவை வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது. அதற்கு உங்களுக்கு வேண்டியது பல டிராக்குகளைச் சேர்த்துத் திருத்தும் ஆர்டோர் என்ற மென்பொருள், அதற்குள் சத்தத்தை அளக்க ஒரு லவுட்னஸ் மீட்டர், தாழ்ந்த, உயர்ந்த ஒலிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்க ஒரு ஈக்யூ, உச்சம் எல்லையைத் தாண்டாமல் வெட்ட ஒரு லிமிட்டர், அப்புறம் நம்பிக் கேட்கக்கூடிய ஒரு ஹெட்ஃபோன். அவ்வளவுதான். சத்த வித்தியாசத்தைச் சுருக்கும் கம்ப்ரஸரைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மன்னார்குடியில் இருந்துகொண்டு பத்து வருஷத்துக்கு மேல் கோயில் மேளம், தேவாரம், நடவுப் பாட்டு என்று பதிவு செய்து வருகிறேன். எல்லாமே லினக்ஸில்தான். ஆரம்பத்தில் கிடைத்த பிளக்-இன்களையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தவன் நான். இப்போது ஒரு கச்சேரிக்கு மூன்றுக்கு மேல் போடுவதில்லை.

எந்தக் கருவி என்று பார்ப்பதற்கு முன்னால், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். கல்யாணத்தில் 'கெட்டி மேளம், கெட்டி மேளம்' என்று குரல் வந்ததும் தவிலும் நாயனமும் சேர்ந்து எழும்பும்போது உடம்பு சிலிர்க்கிறதே, அதற்கு முன்னால் மேளம் அடக்கமாக ஒலித்துக்கொண்டிருந்ததால்தான் அந்தச் சிலிர்ப்பு. உங்கள் பதிவிலும் அப்படித்தான். ஆலாபனை ஆரம்பிக்கும் தாழ்ந்த சஞ்சாரத்துக்கும் தனித்தவிலின் உச்சத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் பெரியப்பாவும் தவில்காரரும் சேர்ந்து உண்டாக்கியது. மாஸ்டரிங் என்ற பெயரில் அந்தத் தூரத்தைச் சுருக்கினால் 52 நிமிடமும் கெட்டி மேளமாகிவிடும், அப்புறம் எங்கேயும் கெட்டி மேளம் இருக்காது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பட்டியலில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

சரி, மென்பொருள். ஆர்டோர் திறமூல மென்பொருள். அதன் தளத்தில் தயார் நிலையில் இறக்கிக்கொள்ளப் பணம் கேட்பார்கள், ஆனால் உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து காசில்லாமல் நிறுவலாம். உபுண்டு ஸ்டுடியோவில் ஏற்கெனவே இருக்கும். மாஸ்டரிங்குக்கென்று தனி மென்பொருள் தேட வேண்டியதில்லை. ஜாமின் என்று ஒன்றைப் பழைய கட்டுரைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் லினக்ஸ் மாஸ்டரிங் என்றாலே அதுதான். ஆனால் பல வருஷமாக அதில் வளர்ச்சி இல்லை, அதை நம்பி ஒரு வேலையை ஆரம்பிக்க வேண்டாம். ஆடாசிட்டி போதாதா என்றால், ஒரே ஒரு ஸ்டீரியோ கோப்பு மட்டும் இருந்தால் போதும். 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து ஓடும்போதே எஃபெக்டைக் கேட்டு மாற்றவும் முடிகிறது. உங்களிடம் தவிலுக்குத் தனி டிராக் இருக்கிறது. அது பெரிய சொத்து, அதை முழுசாகப் பயன்படுத்த ஆர்டோர்தான் வசதி.

பிளக்-இன் வடிவங்களில் எல்வி2-ஐயே எடுங்கள். லாட்ஸ்பா 2000-இல் வந்த பழைய வடிவம், அதற்கென்று சொந்த முகப்பு கிடையாது. கிளாப் 2022-இல் வந்த புதுசு, நன்றாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கு வேண்டியவை எல்லாமே எல்வி2-இலேயே இருக்கின்றன. வின்டோஸ் பிளக்-இன்களை வைன் வழியாக ஓட்டும் யாபிரிட்ஜ் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் வைன் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஏதாவது இடறுமோ என்ற கவலை ஒட்டிக்கொள்ளும். பெரியப்பாவின் கச்சேரியை ஐந்து வருஷம் கழித்துத் திறந்து ஒரு திருத்தம் செய்ய நினைத்தால் அது திறக்க வேண்டும். அதற்கு லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட, மூலநிரல் கையில் கிடைக்கிற பிளக்-இன்தான் பாதுகாப்பு.

இனி கணினியைத் தயார் செய்வது. ஒலியைத் தாமதமில்லாமல் கையாளும் நிகழ்நேர கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேண்டுமா என்று பலர் குழம்புகிறார்கள். மேடையில் நேரலையாக எஃபெக்ட் போடுகிறவருக்கும், பாடிக்கொண்டே தன் குரலை ஹெட்ஃபோனில் கேட்கிறவருக்கும்தான் தாமதம் ஒரு பிரச்சினை. மாஸ்டரிங்கில் நீங்கள் பிளே பட்டனை அழுத்தி கால் நொடி கழித்து ஒலி வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கையை, 1024 அல்லது 2048 என்று தாராளமாக வையுங்கள், பழைய லேப்டாப் மூச்சு வாங்காமல் ஓடும். நிகழ்நேர வசதி 2024-இல் 6.12 பதிப்போடு கெர்னலின் மூலத்திலேயே சேர்ந்துவிட்டது, அதற்காகத் தனியாக அலைய வேண்டிய காலமும் போய்விட்டது.

கணினியில் ஒலியைக் கொண்டுபோகும் பைப்வயர் இயல்பாக 48,000 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்திருந்தால் எல்லாம் ஒரே நேர்கோடு. 44.1-இல் பதிவு செய்திருந்தால் ஆர்டோர் செஷனையும் 44.1-இலேயே திறந்து, கடைசிவரை அதிலேயே இருங்கள். நடுவில் மாற்றி மாற்றிப் போக வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஈஸி எஃபெக்ட்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, கணினியிலிருந்து வெளியே போகும் மொத்த ஒலிக்கும் ஈக்யூ, பாஸ் எல்லாம் போட்டுத் தரும். படம் பார்க்க நல்ல துணை. ஒருமுறை அதில் பாஸ் ஏற்றிவைத்ததை மறந்துவிட்டு, ஒரு ஓதுவாரின் தேவாரப் பதிவை இரண்டு நாள் உட்கார்ந்து முடித்தேன். என் ஹெட்ஃபோனில் குரல் கனமாக, நிறைவாக இருந்தது. வேறு வீட்டில் போட்டபோது குரலில் சதையே இல்லை, எலும்பு மட்டும் கேட்டது. தவறு முழுக்க என்னுடையது. இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்தேன். நீங்கள் உட்காரும் முன் அதை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த எஃபெக்டையும் போடும் முன், எல்லா டிராக்கும் சேர்ந்து வெளியே போகும் மாஸ்டர் பஸ்ஸில் மீட்டரை வையுங்கள். எக்ஸ்42 என்ற பிளக்-இன் தொகுப்பில் ஈபியூ ஆர்128 மீட்டர் இருக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-இல் கொண்டுவந்த அளவுமுறை அது. உச்சத்தை மட்டும் பார்க்காமல், காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தெரிகிறது என்பதை எல்யூஎஃப்எஸ் என்ற அலகில் சொல்லும். 52 நிமிடத்தையும் ஒரு தடவை முழுசாக ஓடவிட்டு, மொத்த லவுட்னஸ் எவ்வளவு, உண்மை உச்சம் எவ்வளவு என்று இரண்டு எண்களை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் ஆர்டோரில் எக்ஸ்போர்ட் செய்தாலே கடைசியில் ஒரு அறிக்கை வரும், அதிலும் இந்த எண்கள் இருக்கும்.

உதாரணமாக மொத்தம் மைனஸ் 21, உச்சம் மைனஸ் 2 டெசிபல் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நாயனமும் தவிலும் உள்ள பதிவுக்கு இது வழக்கமான கணக்குதான். யூடியூப் பாட்டுகளின் லவுட்னஸை மைனஸ் 14-ஐ ஒட்டி வைத்திருக்கிறது, அதனால் 14-க்கு ஏற்றிவிடு என்று சொல்வார்கள். 7 டெசிபல் ஏற்ற வேண்டும். ஏற்றினால் உச்சம் பிளஸ் 5-க்குப் போகும். உச்சம் தாண்டக் கூடாத கூரையோ மைனஸ் 1. ஆகக் கூரைக்கு மேல் போகிற 6 டெசிபலை லிமிட்டர் வெட்ட வேண்டும். யாரை வெட்டும்? உச்சத்தில் நிற்பது தவிலின் அடி. ஓங்கி விழும் ஒவ்வொரு அடியின் தலையும் போகும். இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே எந்த லிமிட்டர் நல்லது என்ற கேள்வி பாதி கரைந்துவிடும். 6 டெசிபல் வெட்டச் சொன்னால் எந்த லிமிட்டரும் நல்லதில்லை.

இப்படி யோசியுங்கள். 4 டெசிபல் மட்டும் ஏற்றினால் மொத்தம் மைனஸ் 17, உச்சம் பிளஸ் 2. லிமிட்டர் வெட்ட வேண்டியது 3 டெசிபல், அதுவும் மிக உயர்ந்த அடிகளில் மட்டும். யூடியூப் சத்தமான பதிவைக் குறைக்கும், தாழ்ந்ததை ஏற்றாது. ஆகவே மற்ற பாட்டுகளைவிடக் கொஞ்சம் தாழ்வாகக் கேட்கும். கேட்கிறவர் போனில் ஒலியை ஒரு புள்ளி ஏற்றிக்கொள்வார். அவரால் ஏற்றிக்கொள்ள முடியும், வெட்டிப்போன தவில் அடியை அவரால் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

இன்னொன்று. கச்சேரியை மல்லாரி, ஆலாபனை, கீர்த்தனை, தனித்தவில் என்று துண்டு துண்டாக வெட்டி ஏற்றப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஒரே லவுட்னஸுக்குக் கொண்டுவராதீர்கள். அப்படிச் செய்தால் ஆலாபனையும் தனித்தவிலும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும். முழுக் கச்சேரிக்கும் ஒரே கெய்ன் (ஒலி ஏற்றம்), அப்புறம் வெட்டு. தானியங்கி நார்மலைஸ் செய்யும் எந்தக் கருவியிலும் இந்த அபாயம் உண்டு.

அடுத்தது ஈக்யூ. எக்ஸ்42 ஈக்யூவையே எடுங்கள். இடத்தையும் அகலத்தையும் மாற்றக்கூடிய நான்கு பாராமெட்ரிக் பட்டைகள், ஒரு கோடி முழுவதையும் கூட்டிக் குறைக்க இரண்டு பக்கமும் ஷெல்ஃப், மேலும் கீழும் வடிகட்டி. பின்னணியில் ஒலியின் அலைவரிசை ஓடிக்கொண்டே இருக்கும், புள்ளியைப் பிடித்து இழுத்தால் போதும். பழைய லேப்டாப்புக்கும் பாரமில்லை. லினக்ஸ் ஸ்டுடியோ பிளக்-இன்ஸ் தொகுப்பில் உள்ள ஈக்யூ இன்னும் நுட்பமானது, 16, 32 பட்டைகள்வரை கிடைக்கும். ஆனால் முப்பத்திரண்டு பட்டை கையில் இருந்தால் முப்பத்திரண்டையும் தொடத் தோன்றும்.

நாயனம் வெளியில் வாசிப்பதற்கென்றே அமைந்த வாத்தியம். நாலு வீதிக்கும் போய்ச் சேர வேண்டிய ஒலி அது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதியில்தான் அதன் வீச்சும் அதிகம். வீதியில் அது கம்பீரம், ஹெட்ஃபோனில் அரை மணி நேரம் கேட்டால் காது களைத்துப்போகும். 3 கிலோஹெர்ட்ஸை மையமாக வைத்து, அகலமான வளைவில், ஒன்றரை டெசிபல் குறைத்துப் பாருங்கள். இரண்டுக்கு மேல் போக வேண்டாம். மேலும் குறைத்தால் சீவாளியின் அந்தச் சின்ன கரகரப்பு, காற்று நாணலில் உரசும் சத்தம், காணாமல் போகும். சீவாளி திருவாவடுதுறையில் செய்வது, குழல் நரசிங்கம்பேட்டையில் கடைவது, 2022-இல் புவிசார் குறியீடு வாங்கியது. இரண்டும் உங்களுக்குப் பக்கத்து ஊர்கள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆச்சா மரத்தின் குரலைப் புல்லாங்குழல் மாதிரி வழவழப்பாக்கிவிட்டால் அது நாயனமே இல்லை. எவ்வளவு குறைப்பது என்று சந்தேகம் வந்தால் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் சாதகம் செய்யும்போது பத்தடி தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். அந்த ஒலிதான் உங்கள் ஒப்பீட்டுப் பதிவு.

கீழ்ப்பக்கம் 35, 40 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஒரு மென்மையான ஹை-பாஸ். காற்று மைக்கில் மோதிய உறுமலும், கால் பட்டு அதிர்ந்த ஸ்டாண்டின் சத்தமும் போகும். தொப்பியில் (தவிலின் இடப்பக்கம்) கழி விழும்போது வருகிற தொம் என்ற நாதம் அதற்கு மேலேதான் இருக்கிறது. சிலர் 100 ஹெர்ட்ஸில் வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் வலப்பக்கமான வலந்தலையின் கூடு போட்ட விரலடி மட்டும் டக் டக்கென்று தனியாக நிற்கும், தவில் பாதியாகிவிடும். தாளத்தின் கிணுகிணுப்பு உறுத்தினால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு டெசிபல் ஷெல்ஃப் குறைப்பு போதும்.

இரைச்சல் நீக்கத்தில்தான் பலரும் பதிவைக் கெடுக்கிறார்கள். ஆர்என்நாய்ஸ் போன்ற செயற்கை நுண்ணறிவு நீக்கிகள் பேச்சுக்காகப் பழக்கப்படுத்தப்பட்டவை. பேச்சு அல்லாத எதையும் அவை இரைச்சலாகவே எடுத்துக்கொள்ளும். நாயனத்தின் மீது போட்டால் கமகத்தின் நுனிகளைத் தின்றுவிடும். அதைத் தொடவே வேண்டாம். மண்டபத்து மின்விளக்கின் ரீங்காரம் கேட்கிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 50, 100, 150 என்ற இடங்களில் மிகக் குறுகலான வெட்டுகளை ஈக்யூவிலேயே போடலாம். ஆனால் போட்டுக் கேட்டுப் பார்த்து, தவிலின் நாதம் மெலிந்தால் எடுத்துவிடுங்கள். பக்கத்து வயலில் ஓடிய மோட்டார் பம்ப், கோயில் ஜெனரேட்டர் மாதிரி சீரான சத்தத்துக்கு நாய்ஸ் ரிபெல்லன்ட் என்ற எல்வி2 பிளக்-இன் இருக்கிறது. கச்சேரி ஆரம்பிக்கும் முன் யாரும் வாசிக்காத ஐந்து விநாடியை அதற்குக் கேட்கக் கொடுத்து, இரைச்சலின் சாயலைப் பழக்கிவிட்டு, 6 டெசிபல் மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். முழுசாகத் துடைக்க வேண்டாம். தூரத்துப் பறவைச் சத்தமும் மண்டபத்தின் காற்றும் கொஞ்சம் இருக்கட்டும், அது கோயில்.

ஒத்து வாத்தியத்துக்குப் பதிலாக ஆதார சுருதிக்கு வைத்திருந்த சுருதிப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதால் இரைச்சல் நீக்கி அதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. பழக்கிவிடக் கொடுக்கும் ஐந்து விநாடியில் சுருதி ஓடாமல் இருக்க வேண்டும்.

இப்போது லிமிட்டர். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். உங்கள் பதிவில் பெரியப்பா மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தில் நின்று நீளமாகக் கார்வை கொடுக்கும் இடம் ஒன்று நிச்சயம் இருக்கும். அவர் அசையாமல் நிற்கிறார், தவில் கீழே அடித்துக்கொண்டே போகிறது. அந்த இடத்தைச் சுற்றிப் பத்து விநாடி லூப் போடுங்கள். லிமிட்டரை 6 டெசிபல் வெட்டுகிற மாதிரி வைத்துக் கேளுங்கள். தவில் அடி விழும் ஒவ்வொரு தடவையும் லிமிட்டர் மொத்த ஒலியையும் அமுக்குகிறது. அடி முடிந்ததும் மெல்ல விடுகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கார்வை. ஒரே சீராக இழுத்த மூச்சு ஒவ்வொரு அடிக்கும் குழிந்து குழிந்து எழும்புகிறது. கேட்கிறவருக்கு என்ன தோன்றும்? வாசிப்பவருக்கு மூச்சு போதவில்லை என்று. நாற்பது வருஷம் சாதகம் செய்து கட்டிய மூச்சை ஒரு பிளக்-இன் திணறலாக்கிக் காட்டிவிடும். மாஸ்டரிங்கில் நான் பயப்படும் விஷயம் இது ஒன்றுதான்.

கம்ப்ரஸரை மாஸ்டரில் போடாததற்கும் இதுவே காரணம். லிமிட்டர் உச்சத்தில் மட்டும் செய்யும் காரியத்தைக் கம்ப்ரஸர் இன்னும் கீழே, இன்னும் அதிக நேரம் செய்கிறது. குரலும் கிடாரும் உள்ள சினிமாப் பாட்டில் அது பசை மாதிரி எல்லாவற்றையும் சேர்க்கும். நாயனத்துக்கும் தவிலுக்கும் அப்படி ஒரு பசை தேவையில்லை, அவை சேர்ந்து பிறந்தவை.

அதற்குத்தான் உங்கள் தனித் தவில் டிராக் கைகொடுக்கும். லிமிட்டரை முதலில் அந்த டிராக்கில் மட்டும் போடுங்கள். அங்கே 3 டெசிபல் வெட்டினாலும் நாயனத்தின் மூச்சைத் தொடாது. ஸ்டீரியோ மைக்கிலும் தவில் கேட்கத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். கேட்கும், ஆனால் தூரத்திலிருந்து வந்ததால் அடியின் முனை ஏற்கெனவே மழுங்கியிருக்கும். அப்படியும் மீறி நிற்கும் இருபது முப்பது அடிகள் இருந்தால், ஆர்டோரில் கெய்ன் கோட்டைக் கையால் இழுத்து ஒவ்வொன்றையும் 2 டெசிபல் இறக்குங்கள். ஒரு மணி நேர வேலை. எந்தத் தானியங்கியைவிடவும் சுத்தமாக இருக்கும். நான் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறேன்.

இரண்டு மைக்கையும் சேர்க்கும்போது ஒரு சிறு வேலை உண்டு. ஒலி ஒரு மீட்டர் போகச் சுமார் 3 மில்லி விநாடி எடுக்கும். ரெக்கார்டர் தவிலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருந்திருந்தால், அந்த அடி 12 மில்லி விநாடி தாமதமாகப் பதிவாகியிருக்கும். தவில் டிராக் அந்த அளவு தாமதமாக ஒலிக்கும்படி அதை வலப்பக்கம் நகர்த்துங்கள். அடி இரட்டையாகக் கேட்பது நின்று, தொப்பியில் கனம் கூடும். ஈக்யூவில் தேடியும் கிடைக்காத பாஸ் பல சமயம் இப்படிக் கிடைத்துவிடுகிறது.

கடைசியில் மாஸ்டரில் ஒரு லிமிட்டர், காவலுக்கு. லினக்ஸ் ஸ்டுடியோ பிளக்-இன்ஸ் லிமிட்டரை எடுத்தால் ஓவர்சாம்ப்ளிங்கைப் போடுங்கள், லிமிட்டர் அடியை முன்கூட்டியே பார்க்கும் முன்னோக்கு நேரம் (லுக்அஹெட்) 5 மில்லி விநாடி, கூரை மைனஸ் 1. அதில் பூஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, கூரையை இறக்கினால் தானாகவே ஒலியை ஏற்றிவிடும். அதை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள், இல்லாவிட்டால் கேட்பதெல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். சத்தம் கூடினால் காது ஏமாறும். இத்தனை பொத்தான்கள் வேண்டாம் என்றால் எக்ஸ்42-இன் டிஜிட்டல் பீக் லிமிட்டர் எளிமையானது, அதுவே போதும். ஏன் மைனஸ் 1 என்றால், எம்பி3 ஆகச் சுருக்கும்போது அலையின் வடிவம் மாறி உச்சம் கொஞ்சம் எகிறும். அதற்கு இடம் விட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிவர்ப் வேண்டாம், மண்டபத்தின் கல்லே கொடுத்திருக்கிறது. தவில் டிராக் மட்டும் ரொம்ப வறண்டு, முகத்துக்கு நேரே அடிக்கிற மாதிரி இருந்தால் டிராகன்ஃபிளை ரூம் ரிவர்பைத் துளி சேருங்கள். ஏர்வின்டோஸ் என்ற திறமூலத் தொகுப்பு அருமையானது, நூற்றுக்கணக்கில் இருக்கிறது, சறுக்குப் பட்டிகள் மட்டும்தான், மீட்டர் எதுவும் காட்டாது. காது பழகிய பிறகு அங்கே போகலாம். மேட்ச்ரிங் என்று ஒரு திறமூலக் கருவி, ஒரு ஒப்பீட்டுப் பாட்டைக் கொடுத்தால் அதன் சத்தத்துக்கும் அலைவரிசைக்கும் உங்கள் பதிவைத் தானாகவே பொருத்தும். சினிமாப் பாட்டைக் கொடுத்தால் நாயனத்துக்கு அதன் சட்டையைப் போட்டுவிடும், உங்களுக்கு உதவாது.

கேட்டுச் சரிபார்க்க நல்ல ஸ்பீக்கர் இல்லையே என்று வருத்தம் வேண்டாம். ஆர்டோரின் மானிட்டர் பகுதியில் மோனோ பட்டன் இருக்கிறது. அழுத்திக் கேளுங்கள். தவில் மெலிந்தால் மைக் நேரம் இன்னும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். முடிந்தால் ஊரில் மைக் செட் வைத்திருப்பவரிடம் பென் டிரைவைக் கொடுத்துக் கூம்பு ஸ்பீக்கரில் ஐந்து நிமிடம் போடச் சொல்லுங்கள். உறவுக்காரர்களின் கல்யாணத்தில் அது கடைசியில் அங்கேதான் ஒலிக்கப் போகிறது. கூம்பு தாழ்ந்த ஒலியைக் கொடுக்காது, நடுப்பகுதியைத் தூக்கிக் காட்டும். அங்கே நாயனம் காதைக் குத்தினால் அந்த 3 கிலோஹெர்ட்ஸ் குறைப்பை இன்னும் அரை டெசிபல் கூட்டலாம்.

ஏற்றுமதி: யூடியூபுக்கான வீடியோவில் 24 பிட் ஃபிளாக் (FLAC) அல்லது வேவ் (WAV) கோப்பைச் சேருங்கள், எம்பி3 சேர்க்காதீர்கள், அவர்கள் மறுபடியும் சுருக்குவார்கள். பென் டிரைவுக்கு 320 கேபிபிஎஸ்-இல் எம்பி3. சிடி மாதிரி 16 பிட் வேண்டுமென்றால் ஆர்டோரின் ஏற்றுமதியில் டிதர் என்ற இடத்தில் டிரையாங்குலர் என்று தேர்ந்தெடுங்கள், ஆலாபனையின் மெல்லிய முடிவுகள் கரகரக்காது. பிளக்-இன் அளவுகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பதிப்பு எண்ணோடு. தவில் டிராக்கைத் திருத்தியபின் தனிக் கோப்பாகவும் எடுத்து வையுங்கள்.

ஏற்றுவதற்கு முன் பெரியப்பாவை உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டிவிடுங்கள். எதையும் விளக்க வேண்டாம். நான் சொன்ன அந்தக் கார்வை வரும் இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். தன் மூச்சு எப்படி நின்றது என்று அவருக்குத் தெரியும். அங்கே புருவம் சுருங்கினால் லிமிட்டரை இன்னும் ஒரு டெசிபல் தளர்த்திவிட்டு மறுபடி போட்டுக் காட்டுங்கள்.